கித்தானில் எழுதிய பட்டா: பாலைவனப் பெண்களின் ஓவியங்களை எப்படிப் பார்ப்பது?

1997ஆம் ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பிர்னினி என்றொரு சின்னக் குடியிருப்பு. கிரேட் சாண்டி பாலைவனம் எங்கள் நிலம் என்று உரிமை கோரியிருந்த பூர்வகுடி மக்களின் சாட்சியத்தைக் கேட்க, நில உரிமைத் தீர்ப்பாயத்தினர் அங்கே வந்திருந்தார்கள். உரிமை கோரியவர்கள் கையில் பத்திரம் இல்லை, பட்டா இல்லை, சர்வே எண் இல்லை. அவர்களுடைய மொழிகள் தீர்ப்பாயத்துக்குப் புரியாது. தீர்ப்பாயத்தின் சட்ட ஆங்கிலம் அவர்களில் பலருக்குப் புரியாது. அதனால் ஆண்களும் பெண்களுமாக நாற்பது பேருக்கு மேல் சேர்ந்து, பத்து மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் உள்ள கித்தானில் தங்கள் நாட்டை வரைந்து வைத்திருந்தார்கள். அதைத் தரையில் விரித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து ஓவியத்தின் மேலேயே நடந்து போய், தனக்கு உரிய இடத்தில் நின்றுகொண்டு, தன் மொழியிலேயே அந்த இடத்தைப் பற்றிச் சொன்னார்கள். அந்த ஓவியம் சாட்சியமாக ஏற்கப்பட்டது. 2007இல் சுமார் 76,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் அவர்களின் உரிமையை நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஓவியத்தை மிதிக்கலாமா என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் ஆஸ்திரேலியப் பாலைவன ஓவியம் பாதி புரிந்த மாதிரிதான்.

முதன்முதலில் இந்த ஓவியங்களை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, “அட, கோலம் மாதிரி இருக்கே” என்பதுதான். புள்ளிகள், வளையங்கள், சுழிகள். தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த ஒப்புமை கொஞ்ச தூரம் உதவவும் செய்யும். இரண்டையும் தரையைப் பார்த்துக் குனிந்துதான் போடுகிறார்கள். இரண்டிலும் யோசிக்காமல் கை ஓடும். அதற்கு மேல் போனால் வழி தவறிவிடும். கோலத்தில் முதலில் வருவது புள்ளி, அதைச் சுற்றித்தான் இழை ஓடும். அங்கே புள்ளி பெரும்பாலும் பிற்பாடு வந்து இடத்தை நிரப்புகிறது, சில வேளை மறைக்கிறது. ஒரு கோலத்தை எந்த வாசலிலும் போடலாம். அங்கே ஓர் ஓவியம் ஒரு குறிப்பிட்ட ஊற்றுக்கோ குன்றுக்கோ உரியது. அதை வரையும் உரிமை யாருக்கு உண்டு என்பதில் நம் ஊர்க் கோயில்களில் முதல் மரியாதை யாருக்கு என்பதைவிடக் கறாரான கணக்கு இருக்கிறது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வாய்ப்பாக அமைந்த ஒரு பயணக் கண்காட்சி உண்டு. பெயர் ‘சாங்லைன்ஸ்: டிராக்கிங் த செவன் சிஸ்டர்ஸ்’. ஏழு சகோதரிகளின் தடத்தைப் பின்தொடர்தல் என்று பொருள். 2017 செப்டம்பரில் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் தொடங்கியது. பெர்த், இங்கிலாந்தின் பிளிமத், பெர்லின், பாரிஸ் என்று பின்னர் ஊர் ஊராகப் போனது. வரைந்தவர்களில் ஆண்களும் உண்டு. ஆனால் கதை பெண்களுடையது, பெரும்பாலான கைகளும் பெண்களுடையவை. அந்தக் கண்காட்சியையே பிடித்துக்கொண்டு நடப்போம்.

தடம்

முதலில் நிலம். பாலைவனம் என்றதும் ராஜஸ்தான் மணற்குன்றுகள் கண்ணில் வந்தால் அதைத் தள்ளி வையுங்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குக் கற்பனை சுலபம்: செக்கச் செவேலென்ற மணல். அதன் மேல் ஸ்பினிஃபெக்ஸ் என்ற முள்ளுப் புல் கொத்துக்கொத்தாகக் கிடக்கும். மழை பெய்தால் ஒரே வாரத்தில் பூத்துக் குலுங்கும். கிழங்கு, காட்டுத் தக்காளி, உடும்பு, தேன் எறும்பு என்று சாப்பிட எல்லாம் உண்டு; எங்கே, எப்போது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் ஏ.பி.ஒய். நிலங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. பரப்பு ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அங்கே வாழ்பவர்களோ சில ஆயிரம் பேர்.

அந்த மக்கள் தங்களை ‘அணங்கு’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். எழுத்துப்பிழை இல்லை, மூன்று சுழி ண-வேதான். அவர்கள் மொழியில் அதற்கு மனிதர் என்று பொருள். பாலைவன மொழிகளில் ன, ண, ஞ எல்லாம் தனித்தனி ஒலிகள். நம்மிடம் ங-வில் தொடங்கும் சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அவர்களிடம் அது கொட்டிக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் திணறும் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஓரளவு பாந்தமாக உட்காருகின்றன. உடனே லெமூரியாவுக்கு மூட்டை கட்டிவிட வேண்டாம். ஒலிகள் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான் சங்கதி.

சரி, அந்த நிலத்தில் ஒரு பாறை ஏன் பிளந்து நிற்கிறது, ஓர் ஊற்று ஏன் வற்றுவதில்லை என்று கேட்டால் அதற்கு ஒரு கதை இருக்கும். நமக்கு இது புதிதில்லை. எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் தலபுராணம் இருக்கிறது: இங்கேதான் இன்னார் தவம் செய்தார், அந்தப் பள்ளம் அவர் கால் பதிந்த இடம். அணங்கு மக்கள் இதை ‘ஜுகுர்பா’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘டிரீமிங்’ என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டார்கள். தமிழிலும் ‘கனவுக்காலம்’ என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. ஜுகுர்பாவுக்கும் தூக்கத்தில் வரும் கனவுக்கும் சம்பந்தமில்லை. உலகம் உருவான கதை, யார் யாரை மணக்கலாம் என்ற முறை, எந்தக் கிழங்கை எப்போது தோண்டலாம் என்ற அறிவு, நிலம் யார் பொறுப்பு என்ற சட்டம் எல்லாம் சேர்ந்த ஒன்று அது. முடிந்துபோன பழங்கதையும் இல்லை. இன்றைக்கும் நடப்பில் இருப்பது.

நம் தலபுராணம் ஓர் ஊரோடு நிற்கும். அவர்களுடையது நடந்து போகும். ஆதி மூதாதையர் ஓர் இடத்தில் கிளம்பி, வழியில் தங்கி, சண்டையிட்டு, உண்டு, உறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து போனார்கள். அவர்கள் செய்த ஒவ்வொன்றும் ஒரு குன்றாகவோ சுனையாகவோ மாறி நிற்கிறது. அந்த வழி முழுவதற்கும் பாட்டு உண்டு. பாட்டின் வரிசையும் ஊற்றுகளின் வரிசையும் ஒன்றே. பாட்டு தெரிந்தவருக்கு வழி தெரியும்; அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரியும். இதைத்தான் ‘சாங்லைன்’ என்கிறார்கள். பாட்டுத்தடம் என்று சொல்லலாமா? நான் அப்படித்தான் எழுதப் போகிறேன். ஒரு தடம் பல மொழிப் பகுதிகளைக் கடந்து போகும். தடம் முழுவதையும் ஒருவரே வைத்துக்கொள்வதில்லை. இந்த ஊர் வரை இவர்கள் பாட வேண்டும், அதற்கப்பால் அடுத்தவர்கள் தொடர வேண்டும்.

2010 வாக்கில் அணங்கு மூத்தவர்கள் கான்பெராவுக்கு வந்து உதவி கேட்டார்கள். பாட்டுத்தடங்கள் துண்டு துண்டாகிக் கிடக்கின்றன, இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள், சிதறியதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. மியூசியத்துக்காரர்கள் போய்க் கெஞ்சி வாங்கி வந்த கண்காட்சி இல்லை இது. அதற்குப் பொறுப்பேற்ற மார்கோ நீல் அருங்காட்சியகத்தின் பூர்வகுடிக் காப்பாட்சியர். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று முடிவுசெய்தவர்கள் பாட்டுக்கு உரியவர்கள்.

முறை கெட்டவன் துரத்துகிறான்

கதை இதுதான். ஏழு சகோதரிகள் பாலைவனத்தின் குறுக்கே ஓடுகிறார்கள். ஒருவன் துரத்துகிறான். அணங்கு நிலத்தில் அவன் பெயர் வாட்டி ஞிரு. மேற்கே மார்டு மக்களின் நாட்டில் யுர்லா. சகோதரிகளுக்கும் இடத்துக்கு இடம் பெயர் மாறும்: இங்கே குங்கரங்கல்பா, அங்கே மிஞிபுரு. அவன் ஒரு மாயக்காரன். பழம் தொங்கும் மரமாவான், கொழுத்த பாம்பாவான். பசியோடு வரும் பெண்கள் ஏமாற வேண்டும் என்பதுதான் கணக்கு. அவர்கள் சில சமயம் ஏமாறுவார்கள், பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். மூத்தவள் இளையவர்களைக் காப்பாள். அவன் அவர்களுக்கு முறை ஆகாதவன். ‘முறை’ என்ற சொல் இதற்குப் பொருந்துவதைப் போல ஆங்கிலத்தில் எந்தச் சொல்லும் பொருந்தாது. கட்டிக்கொள்ளக் கூடாத உறவில் இருப்பவன் ஆசைப்பட்டுத் துரத்துகிறான், அதுதான் குற்றம். சிறுமிகளுக்கு இந்தக் கதை சொல்லப்படுவதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் அவர்கள் வானத்துக்குப் போய்விடுகிறார்கள். நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டம்தான் அவர்கள். துரத்துகிறவனும் பின்னாலேயே போய்விட்டான்: திருவாதிரையும் மிருகசீரிடமும் இருக்கும் ஓரியன் கூட்டம். வானம் சுழலச் சுழல ஒவ்வோர் இரவும் அவன் அவர்களுக்குப் பின்னால் வருகிறான், ஒரு நாளும் எட்டுவதில்லை. ஜூன் மாத விடியற்காலையில் அவர்கள் மீண்டும் கண்ணில் பட்டால் பாலைவனத்தில் குளிர் வந்துவிட்டது என்று பொருள்.

நாம் அதே கூட்டத்தில் ஆறு பெண்களைப் பார்த்தோம். முருகனை வளர்க்கக் கொடுத்தோம். சங்கப் பாடல்களில் அதற்குப் பெயரே அறுமீன். ஆனால் நம் கதையிலும் ஏழு எட்டிப் பார்க்கிறது: ஏழு முனிவர்களின் மனைவியரில் ஆறு பேர் கார்த்திகை ஆனார்கள், ஏழாமவள் அருந்ததி தனியே நின்றாள் என்று ஒரு மரபு உண்டு. கிரேக்கர்களும் ஏழு என்று சொல்லிவிட்டு ஒருத்தியைக் காணோம் என்றார்கள். வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறுதான் தெரியும். அப்படியிருக்க ஏன் எல்லோரும் ஏழைத் தேடுகிறார்கள்? ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு நட்சத்திரங்கள் இன்னும் விலகித் தெரிந்திருக்கும், அந்தக் காலத்துக் கதையின் மிச்சம் இது என்று வானியலாளர் சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம்தான். எனக்குப் பிடித்த ஊகம்.

வலிஞ்ஙா என்ற இடத்தில் ஒரு குகை இருக்கிறது. சகோதரிகள் அதற்குள் ஒளிந்தார்கள், அவன் வாசலில் காத்திருந்தான், அவர்கள் வேறொரு பக்கமாகத் தப்பினார்கள். அந்தக் குகையின் கூரை முழுக்கத் தலைமுறை தலைமுறையாக வரைந்த ஓவியங்கள். அதைச் சுமந்துகொண்டு பாரிசுக்குப் போக முடியாது. அதனால் கண்காட்சியில் ஆறு மீட்டர் உயரத்துக்கு ஒரு குவிமாடம் அமைத்து, அதன் உட்புறத்தில் குகைக்கூரையை ஒளிப்படமாக ஓடவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும்.

பெண்கள் கையில் தூரிகை

பாலைவன ஓவியத்தின் வரலாறு என்று எதைத் திறந்தாலும் 1971, பப்புன்யா என்றுதான் ஆரம்பிக்கும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே அரசாங்கம் அமைத்த குடியிருப்பு அது. பள்ளிக்கூட ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் ஊக்கம் கொடுக்க, பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் ஜுகுர்பாவை வரைந்தார்கள். அதிலிருந்து பலகை, பலகையிலிருந்து கித்தான், 1972இல் ஓவியர்களே நடத்தும் ஒரு நிறுவனம். அதுவரை மணலிலும் உடம்பிலும் பாறையிலும் இருந்த வடிவங்கள் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறிய கதை அது. எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெரியவர்கள் அனைவரும் ஆண்கள்.

அப்போது பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஏ.பி.ஒய். நிலங்களில் உள்ள எர்னபெல்லாவில் 1948 முதலே பெண்களின் கைவினைக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டு ரோமத்தில் நூல் நூற்று விரிப்பு நெய்தார்கள், பிறகு பட்டிக் சாயமிடக் கற்றார்கள். உட்டோப்பியா என்ற இடத்தில் 1977இல் பெண்கள் பட்டிக் தொடங்கினார்கள். ஆண் செய்தால் ஓவியம், பெண் செய்தால் கைவேலை என்ற பாகுபாடு அங்கேயும் இருந்தது. நமக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. நிலப் பேச்சுவார்த்தையிலும் அதே கதைதான். அரசு அதிகாரிகள் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். பெண்களுக்கென்று தனியே நிலமும் சடங்கும் பாட்டும் இருப்பதை யாரும் கேட்கவில்லை. 1980இல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு மன்றம் அமைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஙாஞஜரா, பிட்ஜஞ்ஜரா, யங்குனிஜஜரா என்ற மூன்று மக்களின் பெண்கள் சேர்ந்த மன்றம் அது.

அந்த மன்றம்தான் 1995இல் கூடை முடையும் பட்டறைகளைத் தொடங்கியது. ‘ஜன்பி’ என்று பெயர். புல் என்று பொருள். பாலைவனப் புல்லைப் பிடுங்கி, சுருட்டி, பனைநாராலும் கம்பளி நூலாலும் தைக்கிறார்கள். கூடையோடு நிற்கவில்லை. நாய், பறவை, ஆளுயரப் பெண் என்று வளர்ந்து, 2005இல் பிளாக்ஸ்டோன் என்ற குடியிருப்பின் பெண்கள் நிஜ அளவில் ஒரு டொயோட்டா வண்டியைப் புல்லால் முடைந்தார்கள். நாட்டின் மிக முக்கியமான பூர்வகுடிக் கலைப் பரிசு அதற்குக் கிடைத்தது. ஏன் டொயோட்டா? பாலைவனத்தில் வண்டி இல்லாவிட்டால் புல் பறிக்கவும் போக முடியாது, சடங்குக்கும் போக முடியாது. பழங்கால மக்கள் பழங்காலப் பொருளைத்தான் செய்வார்கள் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. ஏழு சகோதரிகள் கண்காட்சியிலும் இந்தப் பெண்கள் முடைந்த சகோதரிகள் உண்டு. புல் உடம்போடு, ஆளுயரத்தில்.

கித்தானுக்கு வருவோம். 1980களில் பல ஊர்களில் பெண்கள் வண்ணத்தைக் கையில் எடுத்தார்கள். உட்டோப்பியாவின் எமிலி காமே குங்வாரே எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1988–89இல்தான் முதல் கித்தானைத் தொட்டார். 1996இல் இறந்தார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் வரைந்தவை மூவாயிரம் இருக்கும் என்பார்கள். காமே என்பது ஒரு கிழங்குக் கொடியின் விதை; அவர் பெயரே அது. 1995இல் அவர் வரைந்த எட்டு மீட்டர் ஓவியம் ஒன்று மெல்பர்னில் இருக்கிறது. கறுப்புக் கித்தானில் வெள்ளைக் கோடு சிக்கலாக ஓடிக்கொண்டே இருக்கும், வேறு நிறமே கிடையாது. மேலை விமர்சகர்கள் அதை நியூயார்க்கின் அரூப ஓவியர்களோடு ஒப்பிட்டு மகிழ்ந்தார்கள். அவர் வரைந்தது மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கு வேர். வெடித்த தரையைப் பார்த்தே கீழே கிழங்கு இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர் வரைந்தது. 2025இல் லண்டனின் டேட் மாடர்ன் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஏ.பி.ஒய். நிலங்களில் அமாட்டா என்ற ஊர். அங்கே கென் குடும்பத்துச் சகோதரிகள் ஐந்து பேர் ஒரே கித்தானில் ஏழு சகோதரிகளை வரைந்தார்கள். 2016இல் ‘வின் பரிசு’ அதற்குக் கிடைத்தது. அந்தப் பரிசு நிலக்காட்சி ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் 1897 முதல் கொடுக்கப்படுவது. நிலக்காட்சி என்றால் தூரத்து மலை, நடுவில் மரம், மேலே வானம் என்றே ஒரு நூற்றாண்டு பழகிய பரிசு.

எப்படிப் பார்ப்பது

கித்தானைத் தரையில் விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து, நாலா பக்கமிருந்தும் வரைகிறார்கள். எனவே மேல் கீழ் கிடையாது. சுவரில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பது மாட்டுகிறவரின் கவலை. எல்லாம் மேலிருந்து பார்த்த பார்வை. அதனால்தான் மனிதர்கள் முகமாக வருவதில்லை, மணலில் விட்டுச் சென்ற அச்சாக வருகிறார்கள். கால் மடக்கி உட்கார்ந்து எழுந்தால் மணலில் பதிவது லாடம் போன்ற ஓர் அச்சு. ஓவியத்தில் அந்த வளைவைப் பார்த்தால் ஆள் என்று கொள்ளலாம். பக்கத்தில் ஒரு கோடு இருந்தால் அது கிழங்கு தோண்டும் குச்சி, ஆகவே பெண். கூடவே நீள்வட்டம் இருந்தால் அது மரவை; கிழங்கும் தண்ணீரும், சமயத்தில் குழந்தையும் அதில்தான் போகும். ஒன்றுக்குள் ஒன்றான வளையங்கள் பெரும்பாலும் நீர்நிலை அல்லது தங்குமிடம். ஏழு வளைவுகள் கூட்டமாக இருந்து, தள்ளி ஒன்று தனியாக நின்றால், யார் அது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இந்தக் குறிகள் எப்படி வந்தன என்று கேட்டால், சிறுமிகள் மணலில் உட்கார்ந்து கதை சொல்லும் விளையாட்டைக் காட்டுவார்கள். ஒரு கையில் குச்சியோ கம்பியோ தாளம் தட்டும், இன்னொரு கை மணலில் கோடு கிழிக்கும், காட்சி முடிந்ததும் உள்ளங்கையால் வழித்து அழித்துவிட்டு அடுத்தது. கரும்பலகையும் துடைப்பானும் மணலே.

ஆனால் குறிகளைப் பாடம்செய்துவிட்டால் ஓவியத்தைப் படித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். ஒரே வளையம் ஓர் ஓவியத்தில் ஊற்று, இன்னொன்றில் நெருப்பு, மற்றொன்றில் பழம். சூழல் சொல்ல வேண்டும், அல்லது வரைந்தவர் சொல்ல வேண்டும். அவர் சொல்வதும் ஓரளவுக்குத்தான். பப்புன்யாவின் ஆரம்பப் பலகைகளில் சடங்கு ரகசியங்கள் அப்படியே வெளிப்பட்டுவிட்டன என்று அண்டை ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். அதன் பிறகு புள்ளிகள் அடர்ந்தன என்று சொல்வதுண்டு; காட்டுவதற்கு எவ்வளவோ அவ்வளவு மறைப்பதற்கும் புள்ளி. பெண்களின் பாட்டில் பெண்கள் மட்டுமே கேட்கக் கூடிய பகுதிகள் உண்டு. கண்காட்சியில் இருப்பது எல்லோருக்கும் திறந்த பகுதி. திரைக்குப் பின்னால் என்ன என்று துருவுவது கர்ப்பக்கிருகத்துக்குள் கேமராவை நீட்டுவது மாதிரி.

பெயர்ப்பலகைகளையும் கவனியுங்கள். ‘குன்மனாரா’ என்ற முதற்பெயர் திரும்பத் திரும்ப வரும். இவ்வளவு பேருக்கு ஒரே பெயரா என்று தோன்றும். அது பெயரே அல்ல. இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிக்கக் கூடாது. உயிரோடு இருப்பவருக்கு அதே பெயர் இருந்தால் அவரையும் அப்படி அழைக்க முடியாது. அந்த இடத்தை நிரப்பும் மாற்றுச் சொல் அது.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. பெரும்பாலான ஊர்களில் ஊராரே உடைமையாளராக இருக்கும் கலைக்கூடங்கள் உண்டு. வண்ணம் வாங்குவதும் விற்பதும் ஓவியருக்குப் பங்கு கொடுப்பதும் அவைதான். 2010 முதல், ஓவியம் மறுவிற்பனை ஆகும்போது விலையில் 5 சதவீதம் ஓவியருக்கோ வாரிசுக்கோ போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போலிகளும் ஏராளம். இந்தோனேசியாவில் செய்த பொருள்களைப் பூர்வகுடிகள் செய்ததாக விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. சுற்றுலாக் கடையில் மலிவாகக் கிடைக்கும் புள்ளி வைத்த கப்பை வாங்கும் முன் யோசியுங்கள்.

கண்காட்சி 2021இல் பிளிமத் போனபோது அந்த ஊரின் துறைமுகத்தைப் பலரும் நினைத்துக்கொண்டார்கள். கேப்டன் குக் 1768 ஆகஸ்டில் எண்டெவர் கப்பலில் புறப்பட்ட துறைமுகம் அது. அவர் 1770இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைப் பிரிட்டிஷ் மன்னருக்கு உரியதென அறிவித்தார். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற அந்த எண்ணத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல்தான் நிராகரித்தது. பிர்னினியில் கித்தானை விரிக்க முடிந்ததே அந்தத் தீர்ப்பால்தான்.

கண்காட்சியில் நான் அதிகம் யோசித்த ஓவியம் ‘யர்கல்பா’. 2013இல் மார்டு பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து வரைந்தது. ஐந்து மீட்டருக்கு மூன்று மீட்டர். பார்ன்குர் என்ற தங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள வேட்டை நிலத்தை வரைந்திருக்கிறார்கள். சாதாரணக் கண்ணுக்கு அது நிறத்திட்டுகளின் கூட்டம். உண்மையில் ஒவ்வொரு திட்டும் ஒரு தீயின் வயது. மார்டு மக்கள் புல்வெளியைப் பகுதி பகுதியாகக் கொளுத்துவார்கள். புதிதாக எரிந்த நிலத்துக்கு ஒரு பெயர்: ஞுர்ன்மா. உடும்பின் வளை அதில் பளிச்செனத் தெரியும். மழைக்குப் பின் துளிர்விட்டால் வாரு-வாரு. காட்டுத் தக்காளி காய்க்கும் பருவத்துக்கு ஞுகுரா. புல் முற்றி மீண்டும் கொளுத்தும் பக்குவம் வந்தால் மங்கு. அதற்கும் மேல் கிழடுதட்டிவிட்டால் குனர்கா. இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் பெருந்தீ பரவாது, எப்போதும் எங்கேயாவது சாப்பாடும் இருக்கும். வேட்டைத் திட்டம், தீத் தடுப்பு, மளிகைப் பட்டியல் மூன்றும் ஒரே கித்தானில். அதே நிலத்தின் ஊடாகத்தான் மிஞிபுரு சகோதரிகளும் ஓடினார்கள்.

வரைந்த எட்டுப் பேரில் ஒருவர் யுவாலி. 1964இல் அவருக்குப் பதினேழு வயது இருக்கும். பெர்சிவல் ஏரிகள் பக்கம் இருபது பெண்களும் குழந்தைகளும் கொண்ட கூட்டத்தில், வெள்ளைக்காரர்களையே பார்க்காமல் வாழ்ந்து வந்தார். தென்கிழக்கே வூமராவில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ‘புளூ ஸ்ட்ரீக்’ ராக்கெட்டைச் சோதித்தன. ராக்கெட் விழக் கூடிய பாதையில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் வண்டியில் வந்தார்கள். பாறை ஒன்று உயிர் பெற்று நகர்ந்து வருகிறது என்று நினைத்து ஓடியதாக யுவாலி பிற்பாடு சொன்னார். மணற்குன்றுகளுக்கு இடையே நாள்கணக்கில் ஒளிந்து திரிந்து, கடைசியில் பிடிபட்டார்கள். நிலம் காலி செய்யப்பட்டது. கூட்டம் ஜிகலாங் மிஷனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இருபது ஆண்டு கழித்து, 1984இல், மார்டு மக்கள் பாலைவனத்துக்குள் திரும்பி வந்து அமைத்துக்கொண்ட குடியிருப்புகளில் ஒன்றுதான் பார்ன்குர்.

2022இல் சிட்னியின் விவிட் ஒளித் திருவிழாவின்போது யர்கல்பா அசையும் படமாக ஓபரா ஹவுஸின் வெள்ளைக் கூரைகள் மீது படர்ந்தது. இரவில் துறைமுகத்தைச் சுற்றி நின்றவர்களின் கண்முன் ஞுர்ன்மா கறுத்தது, வாரு-வாரு பச்சையாகத் துளிர்த்தது.